மாரியோவும் வெள்ளைச் சட்டையும்

வீடியோ கேம் நாயகன் மாரியோ 1981இல் ‘டோங்கி கோங்’ விளையாட்டில் பிறந்தார். தலைமுடி வரையச் சிரமம், ஆகவே தொப்பி. வாய் வரைய இடமில்லை, ஆகவே மீசை. கை ஆடுவது தெரிய வேண்டுமே என்று சட்டைக்கு ஒரு நிறம், மேலே மாட்டிய உடுப்புக்கு வேறு நிறம். சொற்பப் புள்ளிகளுக்குள் ஓர் ஆளையே அடைக்க, அவரை வடிவமைத்த ஷிகெரு மியாமோட்டோ பிடித்த சிக்கனம் அது. புள்ளிப் பஞ்சம் தீர்ந்து எவ்வளவோ காலமாகியும் மனிதர் பெரும்பாலும் அதே கோலத்தில்தான் ஓடுகிறார்.

இலங்கையின் வெலிமடைப் பக்கம் இதற்கு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். இங்கேயும் மாறாத ஒரு கோலம் உண்டு.

உருளைக்கிழங்குத் தோட்டம், மழை, பனி, சேறு. இவற்றுக்கு நடுவே பாடசாலைப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சீருடை! அந்த நிறத்தைத் தெரிவு செய்தவர் லயத்துப் பீலியடியில் ஒருநாளும் துணி துவைத்திருக்க மாட்டார். மாரியோ குழாய்க்குள் இறங்கி எழுந்தாலும் கறை படுவதில்லை. அந்தத் தொழில்நுட்பம் ஊவா மாகாணத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

2017இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ ஒடிசி’யில் மாரியோ கடைக்குப் போய், காசு கொடுத்து விதவிதமாக உடுத்தலாம். இங்கே 1993 முதல் அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகத் தருகிறது. 2025ஆம் ஆண்டுக்கான துணி முழுவதும் சீனாவின் அன்பளிப்பு.

சவர்க்காரத்துக்குத்தான் இன்னும் எந்த நாடும் முன்வரவில்லை.