ஓடியும் கண்ணில் படாத புரோகிராம்

கேள்வி: பில் போடும் புரோகிராமைத் தினமும் காலை 5 மணிக்கு மூடித் திறக்க, டாஸ்க் ஷெட்யூலரில் ஸ்கிரிப்ட் வைத்தோம். கையால் தட்டினால் வேலை செய்கிறது. தானாக ஓடினால் திரையில் ஒன்றுமில்லை. ஏன்?
– துறைமுகப் பக்கத்துக் கடைக்காரர், திருகோணமலை

பதில்: ஓடுகிறது, ஆனால் பூட்டிய அறைக்குள்! பயனர் உள்நுழையாவிட்டாலும் இயக்கு என்று தேர்ந்தால், விஸ்டா முதல் விண்டோஸ் அதை ‘செஷன் 0’வில் ஓட்டும், அங்கே திறக்கும் ஜன்னல் யாருக்கும் தெரியாது. உள்நுழைந்திருக்கும்போது மட்டும் என்று மாற்றினால் முகம் காட்டும்.

‘ஸ்டார்ட் இன்’ கட்டமும் காலியா? ஸ்கிரிப்ட் சிஸ்டம்32-க்குள் கோப்பைத் தேடி அலையும்.

மனிதரை நம்பிய ரீஸ்டார்ட் இன்னும் ஆபத்து. 2004 செப்டம்பர் 14 அன்று தென் கலிபோர்னியா விமானக் கட்டுப்பாட்டு மையத்தில் மாதாந்திர ரீஸ்டார்ட் தவறியது. விமானிகளுடனான ரேடியோத் தொடர்பு மணிக்கணக்கில் அறுந்தது.

லேப்டாப் என்றால், ‘கண்டிஷன்ஸ்’ பக்கத்தில் மின்சாரம் இருந்தால் மட்டும் என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போன காலையில் டாஸ்க் கிளம்பாது.