உருளைக்கிழங்கு வறுவலுக்கு ஏற்ற ஜோடி

கேள்வி: பிரெஞ்ச் ஃப்ரைஸுக்குத் தக்காளி சாஸை விட்டால் வேறு ஜோடியே கிடையாதா?

பதில்: ஏன் இல்லை! பெல்ஜியத்தில் பந்தி போட்டால், தக்காளி சாஸுக்குக் கடைசி இலைதான். முதல் இலை மயோனைஸுக்கு. அதில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பும் 7.5 சதவீதம் முட்டை மஞ்சள் கருவும் இருக்க வேண்டும் என்று 1955-இல் அரசாணையே போட்ட நாடு அது. தொட்டுக்கொள்ளும் சமாசாரத்தை இவ்வளவு மதித்த அரசாங்கத்தைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

காரணம் இருக்கிறது. அங்கே கிழங்கை இரண்டு முறை பொரிப்பார்கள். முதலில் மிதமான சூட்டில் உள்ளே வேகவிட்டு, எடுத்து ஆறவைத்து, பிறகு 180 டிகிரிக்குப் பக்கத்தில் மொறுமொறுவென்று. இப்படிப் பாடுபட்டு வரவழைத்த மொறுமொறுப்பை நீர்த்த சாஸ் சீக்கிரமே நமுத்துப்போகச் செய்துவிடும். கெட்டியான மயோனைஸோ மேலே போர்வை மாதிரி படுத்துக்கொள்ளும்.

பக்கத்து நெதர்லாந்தில் இன்னும் துணிச்சல். மயோனைஸ், வேர்க்கடலை சாஸ், பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம் மூன்றையும் ஒரே பொட்டலத்தில் கொட்டுவார்கள். அதன் பெயரே 'போர்'! அந்த வேர்க்கடலை சாஸ், அவர்கள் ஆண்ட இந்தோனேசியாவின் சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) தட்டிலிருந்து வந்தது. பிரிட்டனில் மால்ட் வினிகரும் உப்பும் போதும். எண்ணெய்ப் பண்டத்துக்குப் புளிப்பு எப்போதும் நல்ல துணை.

என் ஓட்டு வேர்க்கடலைக்கு. நம் வீட்டு வேர்க்கடலைச் சட்னியைக் கொஞ்சம் கெட்டியாக அரைத்துத் தொட்டுப் பாருங்கள். ஃப்ரைஸ் தீர்ந்த பிறகும் விரல் கிண்ணத்திலேயே இருக்கும்.