உரிச்சொல்லும் வெரிச்சொல்லும்

பாயிரம்

பாயிரம் இல்லாதது நூலே ஆகாது என்பது நன்னூலார் தீர்ப்பு. ஆங்கிலத்தில் ‘வெரி’ என்னும் ஒரேயொரு சொல் எதனோடு கூடும், எதனோடு கூடாது என்று ஆராயும் இந்நூலுக்கும் சிறப்புப் பாயிரத்தின் எட்டு உறுப்புகளைச் சொல்லிவிடுவதே முறை. ஆக்கியோன், வேறு வேலை இல்லாத ஒருவர். வழி, லண்டன் பேராசிரியர் ஜே. ஆர். ஃபிர்த் காட்டியது. எல்லை, வடக்கே ‘வெரி குட்’, தெற்கே ‘வெரி சாரி’. நூற்பெயர், மேலே காண்க. யாப்பு, தொகையும் விரியும், பெரும்பாலும் விரி. நுதலிய பொருள், மிகுதி. கேட்போர், பள்ளியில் ஆங்கிலம் இரண்டாம் தாளிடம் தோற்றவர் அனைவரும். பயன், தேடினால் கிடைக்கலாம்.

ஒரே சொல்லுக்கு ஒரு நூலா என்பார்க்கு விடை: சேனாவரையர் தொல்காப்பியத்தில் சொல்லதிகாரத்துக்கு மட்டும் உரை எழுதினார், அவரை யாரும் கோபிக்கவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து மேலும் சுருக்கினால் இந்நூல் வரும்.

ஃபிர்த்தை ஆசானாகக் கொண்டதற்கும் காரணம் உண்டு. 1890இல் பிறந்த இவர் 1920களில் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தார். ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலின் 1934ஆம் ஆண்டுப் பதிப்புக்குத் தமிழ் ஒலிப்பு பற்றி ஒரு பின்னிணைப்பு எழுதிக் கொடுத்தார். 1944இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் பொது மொழியியல் பேராசிரியர் ஆனார். ஒரு சொல்லை அது யாரோடு சேர்கிறது என்பதைக் கொண்டே அறியலாம் என்று 1957இல் எழுதினார். பிள்ளைகளைப் பற்றி நம் பாட்டிமார்கள் காலங்காலமாகச் சொல்லிவந்ததை அவர் சொற்களுக்குச் சொன்னார். அவர் பேராசிரியர், பாட்டிமார்கள் பாட்டிமார்களாகவே இருந்தனர்.

பெயரியல்

வெரிஎனும் கிளவி மிகுதி குறிப்பினும்
வாய்மை என்பதே வேர்ப்பொருள் ஆகும்.

என்பது முதல் நூற்பா. இதன் பொருள்: ‘வெரி’ இன்று ‘மிக’ என்று பொருள்படினும், பிறந்தபோது அதற்கு ‘உண்மையான’ என்பதே பொருள். எற்றாற் பெறுதும் எனின், லத்தீனில் ‘வேருஸ்’ என்றால் உண்மை. அந்த வேர் பழைய பிரெஞ்சில் ‘வெரை’ ஆகி, 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் ஆங்கிலத்துக்குள் குடிபுகுந்தது. ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் காவியத்தில் வீரன் ஒருவனை இச்சொல்லால் சிறப்பித்தபோது ‘மெய்யான வீரன்’ என்றே சொன்னார். 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்திலும் ‘வெரி கிறைஸ்ட்’ என்பது மெய்யான கிறிஸ்துவையே குறிக்கும்.

பாஸ்போர்ட்டுக்காக வீடு தேடி வரும் போலீஸ் ‘வெரிஃபிகேஷனும்’, நீதிமன்றத்தின் ‘வெர்டிக்டும்’ இதே வேரில் முளைத்தவை. அவை இன்னும் உண்மையைத் தேடிக்கொண்டிருக்கின்றன. ‘வெரி’ மட்டும் அந்த வேலையை விட்டுவிட்டு, பிறரைப் பெரிதாக்கிக் காட்டும் வேலைக்குப் போய்விட்டது. உண்மையைச் சொல்ல வந்த சொல் மிகைப்படுத்தும் சொல்லாக மாறியது மனித இயல்புக்குச் சான்று என்பர் ஒரு சாரார். ‘மெய்யாலுமே நல்லா இருக்கு’ என்னும் சென்னை வழக்கிலும் உண்மைதான் மிகுதிக்குத் துணைபோகிறது என்பதை அவர்கள் எடுத்துக்காட்டுவர்.

புணரியல்

அளவுடைப் பண்பின் முன்வரும் வெரியே;
வினைமுன் வாரா, வருமிடத் தெல்லாம்
மச்சினைத் துணைகொண்டு வருதல் மரபே.

கூடவும் குறையவும் வல்ல பண்புகளின் முன்னே ‘வெரி’ வரும்: வெரி டால், வெரி ஹாட், வெரி ஹேப்பி. வினைச்சொல்லின் முன் தனியே வாராது. ‘ஐ வெரி லைக் திஸ்’ என்று எழுதிய மாணவர் ஒவ்வொருவரும் ஒரு மதிப்பெண் இழந்திருப்பார். ‘லைக்’ என்பதோடு சேர வேண்டுமானால் ‘மச்’ என்னும் துணை வேண்டும்: ‘ஐ லைக் திஸ் வெரி மச்.’ இந்நூற்பாவில் ‘மச்சினனைத் துணைகொண்டு’ எனப் பாடம் ஓதுவாரும் உளர். அது இல்லற நூலுக்குப் பொருந்தும், இலக்கண நூலுக்குப் பொருந்தாது.

ஒப்பீட்டிலும் இதற்குத் தனிக்கொள்கை உண்டு. ‘வெரி குட்’ வழு இல்லை. ‘த வெரி பெஸ்ட்’ என்பதும் வழு இல்லை. இடையிலுள்ள ‘பெட்டர்’ என்பதோடு மட்டும் சேராது. அங்கே ‘மச் பெட்டர்’ என்று மச்சே தனித்து வரும். ஏன் என்று ஆங்கில ஆசிரியரைக் கேட்டால் ‘அது அப்படித்தான்’ என்பார். இலக்கண உலகில் இதைவிட உறுதியான விதி வேறில்லை.

பெயர்ச்சொல்லின் முன் ‘வெரி’ வந்தால் அது மிகுதிப் பொருளை விட்டுவிட்டு நம் தேற்றேகாரத்தின் பணியைச் செய்யும். ‘திஸ் வெரி பிளேஸ்’ என்றால் ‘இந்த இடமே’. இங்கு மட்டும் அதன் பழைய உண்மைப் பொருள் சற்றே எட்டிப் பார்க்கும்.

முற்றிய பண்பொடு முயங்காது வெரியே.

‘டெலிஷியஸ்’, ‘எனார்மஸ்’, ‘ஃப்ரீசிங்’ போன்றவற்றுக்குள் ‘மிக’ என்பது முன்பே குடியிருக்கிறது. ஆகவே ‘வெரி டெலிஷியஸ்’ என்பதைக் கேட்டால் ஆங்கிலக் காது சுளிக்கும். ‘யூனிக்’ என்றால் ஒன்றேயொன்று. ‘வெரி யூனிக்’ என்போர் ஒன்றை எத்தனை மடங்கு ஒன்றாக்குகிறார்கள் என்று இலக்கணிகள் நெடுங்காலமாகச் சினந்துவருகிறார்கள். மக்கள் நெடுங்காலமாக அதைச் சொல்லிவருகிறார்கள். கர்ப்பமும் உண்டு, இல்லை என்னும் இரண்டே நிலை உடையது. ஆயினும் நிறைமாதப் பெண்ணை ‘வெரி ப்ரெக்னன்ட்’ என்பது ஆங்கில வழக்கு. இது வழுவமைதி. வயிறு தெரியும்போது இலக்கணம் பேசுவது பண்பாகாது.

‘டூ’ என்பதை ‘வெரி’யின் உடன்பிறப்பாகக் கருதி மயங்குவார்க்கு ஒரு சொல். நம் ‘ரொம்ப’ மிகுதியையும் காட்டும், அளவு மிஞ்சியதையும் காட்டும். ஆங்கிலம் அந்த இரண்டையும் வெவ்வேறு சொல்லிடம் ஒப்படைத்திருக்கிறது. ‘வெரி ஹாட்’ காபியை ஊதிக் குடிக்கலாம். ‘டூ ஹாட்’ காபியைக் குடிக்க முடியாது. டபராவும் டம்ளரும் உடைய நாட்டில் முன்னது பின்னதாகும் சந்தர்ப்பம் குறைவு என்பதால் இவ்வேறுபாட்டை நாம் பொருட்படுத்தவில்லை போலும்.

எதிர்மறை அடுத்துழி இன்சொல் ஆகும்.

தருக்கப்படி பார்த்தால் ‘நாட் வெரி குட்’ என்பது ‘நல்லதுதான், மிக நல்லதில்லை’ என்று பொருள்பட வேண்டும். வழக்கில் அதன் பொருள் ‘மோசம்’. மிகுதியை மட்டும் மறுப்பதுபோல் நடித்துப் பண்பையே மறுத்துவிடும் இத்தந்திரம் ஆங்கிலேயர்க்கு மட்டும் உரியதன்று. பெண் பார்க்கப் போய்த் திரும்பியவர், ‘கேசரி அவ்வளவா சரியில்லை’ என்றால் சம்பந்தம் முறிந்தது என்று நாமும் அறிவோம்.

தொகையியல்

‘வெரி’ சுருங்கி ஒற்றை எழுத்தாகி நிற்கும் இடங்களை இவ்வியல் கூறும். ‘வி.ஐ.பி.’ என்பதில் வி ‘வெரி’யாம். முக்கியமானவர்கள் பெருகியபோது இந்தியா இன்னொரு வி சேர்த்து ‘வி.வி.ஐ.பி.’ என்றது. வி.வி.எஸ். லக்ஷ்மணின் தலைப்பெழுத்துகள் வங்கிபுரப்பு வெங்கட சாய் என்பதன் சுருக்கமே. 2001இல் ஈடன் கார்டனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 281 ஓட்டங்கள் எடுத்தவரை அப்படிச் சொல்லி நிறுத்த ரசிகர்களுக்கு மனம் வருமா? ‘வெரி வெரி ஸ்பெஷல்’ என்று விரித்துக்கொண்டார்கள். இதற்கு நேர் எதிராக, 2014இல் வந்த தமிழ்த் திரைப்படம் ‘வேலையில்லா பட்டதாரி’ என்பதை ‘வி.ஐ.பி.’ என்று சுருக்கி, வெரியின் நாற்காலியில் வேலையில்லாதவரை உட்கார வைத்தது. இவ்விரு பொருளும் ஒரே எழுத்துக்குள் அமைந்தது நாட்டு நடப்பையும் ஒருவாறு காட்டும்.

அறிவியலாரும் இச்சொல்லுக்கு அடிமைப்பட்டவர்களே. ‘வெரி லோ ஃப்ரீக்வென்சி’ என்னும் 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் கடல்நீருக்குள் சற்று ஆழம்வரை இறங்கவல்லவை. அவற்றைக் கொண்டு நீர்மூழ்கிகளோடு பேசும் கடற்படை நிலையம் கட்டபொம்மன் பெயரால் நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் இருக்கிறது. பொறியியல் மாணவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் ‘வி.எல்.எஸ்.ஐ.’ பாடத்தின் முதலெழுத்தும் ‘வெரி’தான்.

அறிவியலார்க்கு வந்த சிக்கல் யாதெனின், ‘வெரி’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்ததற்கு என்ன சொல்வது? வானொலி அலைகளில் ‘ஹை’க்கு மேல் ‘வெரி ஹை’ வைத்தார்கள். அதற்கும் மேல் ‘அல்ட்ரா’, ‘சூப்பர்’, ‘எக்ஸ்ட்ரீம்லி’ என்று ஏறி, கடைசியில் ‘ட்ரெமெண்டஸ்லி ஹை’ வரை போனார்கள். ஐரோப்பிய வானியலார் சிலியின் பரனால் மலையில் 8.2 மீட்டர் ஆடிகள் கொண்ட நான்கு தொலைநோக்கிகளை நிறுவி ‘வெரி லார்ஜ்’ என்று பெயரிட்டனர். அடுத்து 39 மீட்டர் ஆடியோடு எழும்புவது ‘எக்ஸ்ட்ரீம்லி லார்ஜ்’. இடையில் 100 மீட்டருக்கு ஒன்று திட்டமிட்டு ‘ஓவர்வெல்மிங்லி லார்ஜ்’ என்றனர், அது கைவிடப்பட்டது. பெயர் தாங்கியது, பணம் தாங்கவில்லை.

தேய்வியல்

மிகுதிச் சொல் மிகுதியும் தேயும்.

பழைய ஆங்கிலத்தில் ‘வெரி’யின் பணியைச் செய்தது ‘ஸ்விதே’ என்னும் சொல். அது மறைந்தது. பின் ‘ஃபுல்’ வந்தது, ‘ரைட்’ வந்தது. அவையும் தளர, 16ஆம் நூற்றாண்டளவில் ‘வெரி’ அரியணை ஏறியது. இப்போது அதுவும் ஆட்டம் காண்கிறது. இங்கிலாந்தின் யார்க் நகரப் பேச்சை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வில், முதியோர் ‘வெரி’ என்ற இடத்தில் இளையோர் ‘ரியலி’ என்றது தெரிந்தது. ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் உரையாடலை ஆராய்ந்த 2005ஆம் ஆண்டுக் கட்டுரையில் ‘ஸோ’ முந்தியது. அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பார்ப்பதும் ஆராய்ச்சியே என்று நிறுவிய அப்பெரியோர்க்கு இந்நூலாசிரியர் கடமைப்பட்டுள்ளார்.

நம்மிலும் இதுவே நிகழ்ந்தது. தொல்காப்பியர் மிகுதிக்கு உறு, தவ, நனி என மூன்றைச் சொன்னார். நன்னூலார் சால, கூர், கழி சேர்த்து ஆறாக்கினார். இன்று ‘தவ’ என்றால் தவம் என்பர், ‘கூர்’ என்றால் கத்தி என்பர். அரியணையில் இருப்பது ‘நிரம்ப’ என்பதிலிருந்து தேய்ந்து வந்த ‘ரொம்ப’. அதையும் ‘செம’ நெருக்குகிறது. ‘பயங்கர அழகு’ என்று அச்சத்தையே மிகுதியாக்கிக்கொண்டோம். ஆங்கிலேயரும் ‘டெரிப்லி நைஸ்’ என்று நடுங்குகிறார்கள்.

தேய்ந்தவற்றுள் சில பிழைத்தது எவ்வாறு எனின், ஒரே துணையைப் பற்றிக்கொண்டதால். ‘சால’ இன்று ‘சாலச் சிறந்தது’ என்பதில் வாழ்கிறது. ‘உறு’ ‘உறுதுணை’யில் வாழ்கிறது, நன்றியுரை உள்ளவரை அதற்கு அழிவில்லை. ஆங்கிலத்தின் பழைய ‘ரைட்’ ‘ரைட் ஆனரபிள்’ என்பதில் ஒட்டிக்கொண்டு, வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் 1921இல் பிரிவி கவுன்சில் உறுப்பினரானபோது அவர் பெயரோடு தமிழ்நாட்டுக்கும் வந்தது. கைவிடப்பட்ட ‘ஃபுல்’லோ நம் இளைஞர்களிடம் ‘ஃபுல் கடுப்பு’, ‘ஃபுல் ஜாலி’ என மறுபிறவி எடுத்திருக்கிறது. சாசர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

வழக்கியல்

தமிழ்ப் பேச்சில் ‘வெரி’ அகமண முறையைக் கடுமையாகப் பின்பற்றுகிறது. ‘சூப்பர்’ யாரோடும் சேரும்: சூப்பர் சாப்பாடு, சூப்பர் அழகு. ‘வெரி அழகு’ என்று எவரும் சொல்லார். வெரி குட், வெரி பேட், வெரி சாரி, வெரி சிம்பிள், வெரி ஸ்ட்ரிக்ட் எனத் தன் இனத்துக்குள்ளேயே அது கொண்டு கொடுத்து வாழ்கிறது.

சந்தியிலும் ஒரு நயம் உண்டு. ‘சால’, ‘தவ’ என்பவற்றின் பின் வல்லினம் மிகும். ‘நனி’, ‘கழி’ என்பவற்றின் பின் மிகாது. இகர ஈற்று ‘வெரி’யும் பின்னவற்றின் வழி நிற்கிறது. ‘வெரிச் சாரி’ என்று வருந்தியவரை யாரும் கண்டதில்லை. நன்னூலார் பவணந்தியாரைப் படிக்காமலேயே தமிழர் அனைவரும் இவ்விதியைக் காத்துவருவது பெருமைக்குரியது. ரகரத்தை றகரமாக்கி ‘வெறி’ என்று எழுதினால் மட்டும் பொருள் வேறாகும். அவ்வாறு எழுதுவோர்க்கு ‘வெரி சாரி’ என்பதே விடை.

புறனடை

சொல்லிய அல்லாப் பிறவரு மாயினும்
செவிக்கினி தாயின் கொள்க, அல்லன
சிவப்பு மையினுள் சிக்கும் என்ப.

இத்துணையும் கூறியவாற்றான் பெறப்படும் முடிபு இதுவே: எல்லாரோடும் சேரும் மிகுதிச் சொல் விரைவில் வலுவிழக்கும்; ஒன்றிரண்டு துணையைப் பற்றிக்கொண்டது நிலைக்கும். ஆங்கிலத்தில் ‘வெரி’யின் ஆட்சி நாளை முடிந்தாலும், வீட்டுப்பாட நோட்டின் ஓரத்தில் ‘குட்’டின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழ்நாட்டில் அது நெடுநாள் வாழும்.

இந்நூலை முற்றக் கற்றோர் ‘வெரி குட்’ என்று சொல்லி அச்சொல்லை மேலும் தேய்க்க வேண்டியதில்லை. ‘குட்’ என்றாலே போதும். ‘நாட் வெரி குட்’ என்று சொல்ல எண்ணுவோர், அதன் பொருள் இந்நூலாசிரியருக்கு நன்றாகவே தெரியும் என்பதை மட்டும் மனத்தில் கொள்க.