போவதற்கு முன்பே திரும்புதல்
ஷெங்கன் என்பது லக்சம்பர்க்கில் மொசெல் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சிற்றூர். 1985இல் அங்கே சில ஐரோப்பிய நாடுகளின் பிரதிநிதிகள் படகில் உட்கார்ந்து, தங்களுக்கிடையே எல்லைச் சோதனையைப் படிப்படியாகக் குறைப்பதென்று கையெழுத்துப் போட்டார்கள். அங்கே ஒழிந்த சோதனையெல்லாம் நம் ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் குடியேறிவிட்டது. ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று நாம் போவதற்கு முன்பே நிரூபிக்க வேண்டுமாம். வங்கிக் கணக்கு, வருமான வரித் தாக்கல், விடுப்புக் கடிதம், 30,000 யூரோவுக்குக் காப்பீடு. மாப்பிள்ளை பார்த்தபோதுகூட என் மாமனார் சம்பளச் சீட்டோடு விட்டுவிட்டார். புகைப்படத்தில் சிரிக்கக் கூடாதாம். கட்டணம் 90 யூரோ என்று தெரிந்தபின் யார் சிரிக்கப்போகிறார்கள்? விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பாது. திரும்பி வரும் உத்தரவாதத்தை விசா கொடுப்பவர்களிடம் யாரும் கேட்பதில்லை.