கடல் சரியில்லை: ஒரு பணிவான விண்ணப்பம்

மேன்மைமிகு முக்குளிப்புப் படகு நிறுவனத்தாரின் மேலான சமூகத்திற்குப் புதுப்பட்டினத்து வாடிக்கையாளர் ஒருவர் பணிந்து சமர்ப்பிப்பது.

ஸ்கூபா எனப்படும் முக்குளிப்பு, அழுத்தி அடைத்த காற்றுக்கலத்தை முதுகில் சுமந்து நீருக்கடியில் மூச்சுவிடும் கலை என்றே நூல்கள் கூறினும், முன்பணத்தை வாங்கிக்கொண்டு மூச்சே விடாதிருக்கும் உயர்நிலையை அக்கலைக்கு ஈந்த பெருமை நிறுவனத்தாரையே சாரும்.

கடந்த ஞாயிறு, விடியலிலிருந்து கரையில் நின்றோருக்கு வெயில் ஏறிய பின்னரே ‘கடல் சரியில்லை’ என்ற அருள்வாக்கு கைப்பேசியில் வந்திறங்கியது. அவ்வேளையில் மீனவரின் ஃபைபர் படகுகள் மீனோடு கரையேறிக்கொண்டிருந்தன. வடகாற்றை வாடை என்றும் மேல்காற்றைக் கச்சான் என்றும் பெயர்சொல்லி அறிந்த அம்மக்களுக்கும், அலையின் உயரத்தை முன்கூட்டியே கணித்து அறிவிக்கும் ஐதராபாத்தின் கடல்சார் தகவல் மையத்துக்கும் தென்படாத சீற்றம், நிறுவனத்தாரின் அலுவலகத்துக்கு மட்டும் தென்பட்டது. முன்பணம் திரும்பாததற்கும் கடல் சரியில்லை. படகில் குடிநீர் இல்லாததற்கும் கடல் சரியில்லை. ரசீது வராததற்கு, அச்சுப்பொறிக்குள் அலை புகுந்திருக்க வேண்டும். காரணம் வினவிய வாடிக்கையாளரை அனைவர் முன்னும் ‘கடலைப் பத்தி உங்களுக்கு என்ன சார் தெரியும்?’ எனப் பணியாளர் கேட்டது அறியாமை நீக்கும் கருணையே.

கடல் மெய்யாகவே கெட்ட நாளில் படகை நிறுத்துவதை எவரும் குறைகூறார்; முக்குளிப்பில் ஆபத்து மெய்யானதே. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம், அதாவது கடல்மட்டத்தில் காற்று உடலை அழுத்தும் அளவு, கூடுதலாகச் சேர்வதால், அங்கிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறுபவரின் நுரையீரல் கிழியக்கூடும். இத்தகைய ஆபத்துக்கு எளிதில் உள்ளாகக்கூடியவரை முன்னரே அறிய அமைந்த மருத்துவ வினாத்தாளைப் படிக்கவிடாமல் ‘சும்மா கையெழுத்துப் போடுங்க’ என்று நீட்டுவது அயோக்கியத்தனம். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் அமெரிக்கத் தம்பதியரை நீருக்குள் விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. ஆள் குறைந்தது இரண்டு நாள் கழித்தே தெரிந்தது. இருவரும் உயிரோடு கிடைக்கவில்லை. அங்கே சரியில்லாதது கடலன்று, தலைகளை எண்ணியவரின் கணக்கு. இங்கோ எண்ணுவதற்கே ஆளில்லை!

சினம் பொறுத்தருள்க. நிறுவனத்தாரின் விளம்பரத் தாளில் நீலநீரும் வண்ண மீன்களும் காண்பதற்கினியவை. அவை எந்நாட்டுக் கடலுக்குரியன என்பதை மட்டும் குறிப்பிட்டிருக்கலாம்.

முன்பணத்தைத் திருப்புக, ரசீது தருக, படகு புறப்படும்போதும் திரும்பும்போதும் பெயர் அழைத்து எண்ணுக. பணம் பெற்றுச் சேவை அளிக்காமையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாடு, அதாவது தருவதாக ஒப்புக்கொண்ட தரத்தில் நேரும் குறை, என்னும் வகையில் அடக்குகிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையம் செங்கல்பட்டில் இருக்கிறது. அங்கே செல்லப் படகு தேவையில்லை.