நனைந்த சிக்கனம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையைச் சைக்கிளில் சுற்றும் தம்பதியரின் சிக்கனத்தை மெச்சத்தான் வேண்டும். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தயவில், அங்கே பெரும்பாலான திறந்தவெளிகளில் கூடாரம் அடிக்கக் காசில்லை. மழையும் இலவசம், மிட்ஜ் என்னும் பொடிப்பூச்சி கூடாரம் தேடி வந்து கடிப்பதும் இலவசம். செலவென்றால் எடை குறைந்த சைக்கிள் இரண்டு, நீர்புகா மேலாடை இரண்டு, நீர்புகாப் பை நான்கு. எல்லாவற்றிலும் நீர் புகுந்தது வேறு விஷயம். இதே வேகத்தில் முப்பது ஆண்டு நனைந்தால் போட்ட முதல் திரும்பிவிடும். கணவர் அணைந்த அடுப்பை ஊத, மனைவி காலுறையைப் பிழிய, பேச்சே இல்லை; தாம்பத்தியத்தில் அதுவும் சேமிப்புதான். மூன்றாம் இரவு விடுதியில் அறை எடுத்தார்கள். கட்டிலில் கூடாரம் காய்ந்தது. இருவரும் தரையில் படுத்தார்கள். வாடகை கொடுத்த கட்டில் வீணாகக் கூடாதல்லவா!