அடுத்த கோடையில் ஓடும் கார்

இங்கிலாந்தின் புறநகர்த் தெருக்களில் கராஜுக்குள் கார் நிற்பது அபூர்வம். கார் வாசலில் நின்று மழையில் நனையும். கராஜுக்குள் பழைய மெத்தை, புல் வெட்டும் மெஷின், பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம், பிள்ளைகள் ஓட்டி முடித்த சைக்கிள் எல்லாம் நனையாமல் பத்திரமாக இருக்கும். தெருவுக்கு ஒரு வீடு மட்டும் விதிவிலக்கு. அந்த வீட்டுக் கராஜில் கார் இருக்கிறது. ஆனால் அது கார் என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

நான்கு தாங்கிகளின் மேல் இரும்புக் குழாய்ச் சட்டம் ஒன்று. கூரைக் கட்டையிலிருந்து கயிறு கட்டித் தொங்குகிற கண்ணாடியிழை உடல். சட்டத்தின் நடுவே கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பா. டப்பாவின் மேல் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், எதனோடும் இணைக்கப்படாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயாலேயே இன்ஜினை முறுக்கிக்கொண்டிருப்பார். உங்கள் தலையைக் கண்டதும் சத்தம் நிற்கும். சட்டென்று டேப்பை எடுத்து எதையோ அளக்க ஆரம்பிப்பார். பார்க்காதது மாதிரி இருந்துவிடுங்கள். பாகங்கள் தனித்தனியாக வரும் கிட் வாங்கி வீட்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டுகிற யாரும் இந்தக் கட்டத்தைத் தாண்டாமல் வந்ததில்லை.

அவர் கட்டுவது ஏசி கோப்ரா. அதாவது கோப்ராவின் நகல். இதை நீங்கள் கேட்க வேண்டியதில்லை, அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். “அசல் இல்லை. நகல். நானே கட்டுறது.” காரைப் பற்றிக் கேட்டால் இந்த மனிதர் வாயிலிருந்து ஒரு பொய் வராது. காசைப் பற்றிக் கேட்டால் ஓர் உண்மை வராது. இவரைப் புரிந்துகொள்ள இவ்வளவு போதும். ஆனாலும் விவரமாகச் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது.

அசல் கோப்ராவை உண்டாக்கியவர் கரோல் ஷெல்பி என்ற டெக்சாஸ்காரர். கோழிப்பண்ணை வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டு, பிறகு பந்தயக் கார் ஓட்டி, 1959-ல் ஆஸ்டன் மார்ட்டினில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தவர்களில் ஒருவர். லண்டனுக்குத் தென்மேற்கே தேம்ஸ் டிட்டனில் ஏசி என்ற சின்னக் கம்பெனி செய்துவந்த ஏஸ் என்ற காருக்குள், 1962-ல் அமெரிக்க ஃபோர்டு வி8 இன்ஜினை இறக்கினார். 1967-ல் உற்பத்தி நின்றபோது மொத்தம் ஆயிரம் கார் அளவில்தான் வெளியே வந்திருந்தன. அவற்றில் முதல் கார் 2016-ல் 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. ஆயிரம் அசலுக்கு அதைப்போல் எத்தனையோ மடங்கு நகல் பிறந்துவிட்டது. தெருவில் கோப்ரா ஒன்று உறுமிக்கொண்டு போனால் அது நகல்தான் என்று பந்தயம் கட்டுங்கள். அநேகமாகத் தோற்க மாட்டீர்கள்.

வீட்டில் கார் கட்டும் பழக்கத்தை இங்கிலாந்தில் வளர்த்ததில் கொள்முதல் வரி ஆசாமிகளுக்குப் பயந்த புத்திசாலிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அப்போது முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி. பெட்டி பெட்டியாகப் பாகங்களை வாங்கி நாமே முடுக்கிக்கொண்டால் வரி இல்லை. 1957-ல் வந்த லோட்டஸ் செவன் இப்படித்தான் பல வீடுகளுக்குள் நுழைந்தது. ‘எப்படிச் சேர்ப்பது’ என்ற குறிப்பைப் பெட்டிக்குள் வைத்தால் சலுகை போய்விடும் என்பது விதி. லோட்டஸின் காலின் சாப்மன் அசரவில்லை, ‘எப்படிக் கழற்றுவது’ என்று குறிப்பு எழுதி வைத்தார், வாங்கியவர் அதைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்துக்கொண்டார் என்று கிட் கார் வட்டாரத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். 1973-ல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்த லாபம் ஒழிந்தது. அதே வருடம் லோட்டஸ், செவனின் உரிமையைக் கேட்டர்ஹாம் என்ற வியாபாரியிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவியது. வரிச் சலுகை போன பிறகாவது ஜனங்கள் இதை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. காரணம் வரி அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

காசு விஷயத்தில் முதல் பொய்யை நம் மனிதர் சொல்லவில்லை, ஒரு புத்தகம் சொன்னது. ரான் சாம்பியன் என்பவர் 1996-ல் எழுதிய புத்தகத்தின் அட்டையிலேயே, வெறும் 250 பவுண்டில் நீங்களே ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று போட்டிருந்தது. அவர் சொன்னது பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டை உரித்து, இரும்புக் குழாய் வாங்கி, தன் கையாலேயே வெல்டிங் வைக்கிறவருக்கு. அந்த நிபந்தனைகளை நம் மனிதர் மனைவியிடம் வாசித்துக் காட்டவில்லை. அட்டையை மட்டும் காட்டினார்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வசனம் உண்டு.

“இது என்ன பெட்டி?”

“கார்பரேட்டர். பழசு. ஒருத்தர் சும்மா கொடுத்த மாதிரிதான்.”

“போன வாரமும் ஒருத்தர் சும்மா கொடுத்தாரே?”

“அவர் வேற.”

இப்படி இவருக்குச் சும்மா கொடுத்தவர்கள் கணக்கைப் பார்த்தால், இங்கிலாந்தில் இவ்வளவு தயாள குணமா என்று மலைப்பாக இருக்கும். முதலில் வந்து சேர்ந்தது ஜாகுவார் எக்ஸ்ஜே6 ஒன்று. ஓட்டுவதற்கு அல்ல, உறுப்பு தானத்துக்கு. அதன் பின் அச்சையும் முன் சஸ்பென்ஷனையும் கழற்றி எடுத்த பிறகு, மிச்சப்பட்ட ஜாகுவார் வாசலில் ஒரு வருஷம் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் முதலில் ஜாடையாகவும் பிறகு நேராகவும் கேட்டுவிட்டுக் கடைசியில் நகராட்சிக்கு எழுதினார்.

வீட்டுக்குள்ளும் கார் மெல்லப் பரவும். பேரிங் சுருங்கினால் லகுவாக உள்ளே இறங்கும் என்பதால் அது ஃப்ரீசரில் பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். பிரேக் காலிபருக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, சூட்டில் இறுக வேண்டும் என்று ஓவனில் வைப்பார். அன்று ராத்திரி வறுத்த கோழியில் ஒரு பெயின்ட் வாசனை வரும். யாரும் எதுவும் பேசாமல் சாப்பிடுவார்கள். பாத்திரம் கழுவும் மெஷினில் இன்ஜின் மூடியைப் போட்ட அன்றுதான் பேச்சு எழும்.

கார் எப்போது முடியும் என்று கேளுங்கள். “அடுத்த கோடையில்.” நம் ஊரில் வீடு கட்டுகிறவர் ஒவ்வொரு வருஷமும் வரப்போகிற தையில் பால் காய்ச்சுவதைப் போலத்தான் இதுவும். “தொண்ணூறு சதவீதம் முடிஞ்சாச்சு” என்பார். அது முழுப் பொய்யென்று சொல்ல முடியாது. மிச்சமுள்ள பத்தில்தான் வயரிங் இருக்கிறது, கதவு சரியாக மூடுவது இருக்கிறது, அங்குலத் திருகுக்குள் மில்லிமீட்டர் போல்ட்டைச் சொருகி மாட்டிக்கொண்ட விவகாரங்கள் இருக்கின்றன. அந்தப் பத்தில் மனம் வெறுத்துப் போனவர்களின் விளம்பரங்களைக் கிட் கார் பத்திரிகைகளில் எப்போதும் பார்க்கலாம்: ‘பாதி முடிந்த கார். மனமில்லாமல் விற்கிறேன். நேரமின்மை.’ அதை வாங்குகிறவருக்குப் பெயரெழுதாத முப்பது பெட்டிகளும், முந்தியவரின் சந்தேகங்களும் சேர்ந்து வரும்.

தாமதத்தைக் குத்திக்காட்டினால் விஸ்கான்சின்காரர் கதையைச் சொல்வார். அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டு நிலவறையில் 17 வருஷம் உட்கார்ந்து லம்போர்கினி கவுன்டாச் நகல் ஒன்றை உருவாக்கினார். முடித்த பிறகு அது வாசல் வழியாக வராது. தோட்டத்தில் சரிவாக மண்ணைத் தோண்டி, அஸ்திவாரச் சுவரை அறுத்துக் காரை இழுத்தார்கள். “நான் அவ்வளவு மோசமில்லையே” என்பது நம் மனிதரின் வாதம். கராஜ் கதவின் அகலத்தை அவர் முதல் நாளே அளந்துவிட்டார் என்பதும் உண்மைதான்.

அசல் விஷயத்தில் இவ்வளவு கறாரான ஒரு நகல்காரரை வேறெங்கும் பார்க்க முடியாது. கோப்ரா 427 என்ற மாடலின் ஸ்பீடோமீட்டரில் முள் இடமிருந்து வலம் போகாது, எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அதைப் போலவே தலைகீழாகச் சுற்றுகிற ஸ்பீடோமீட்டரை, சாதாரணமானதைவிட அதிக விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார் (யாரோ சும்மா கொடுத்ததுதான்). ஷெவர்லே இன்ஜின் போட்ட கோப்ராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஷெவர்லேயின் கார்வெட்டைத் தோற்கடிக்கப் பிறந்த காருக்குள் ஷெவர்லே இன்ஜினா! ஷெல்பி முதலில் இன்ஜின் கேட்டுப் போனதே ஷெவர்லேயிடம்தான், அவர்கள் கைவிரித்த பிறகுதான் ஃபோர்டு வந்தது என்று எடுத்துச் சொன்னால் காது கேட்காது. சரி, இவர் காரில் இருப்பது ஃபோர்டா? இல்லை, ரோவர் வி8, 3.5 லிட்டர். ஆனால் அது முதலில் அமெரிக்காவில் ப்யூக் காருக்காக ஜெனரல் மோட்டார்ஸ் செய்த இன்ஜின், ரோவர் அதை அறுபதுகளில் விலைக்கு வாங்கியது. ஆகவே பிறப்பால் அமெரிக்க இன்ஜின்தான் என்று வம்சாவளி ஒப்பிப்பார். ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிள்ளைதான் ஷெவர்லே என்று இந்த இடத்தில் சொல்லக் கூடாது. சொன்னால் டீ வராது.

ஃபெராரி நகல் கட்டுகிறவர்களை இவர் சேர்த்துக்கொள்வதே இல்லை. டொயோட்டா எம்ஆர்2-வுக்கு மேல் ஃபெராரி தோலைப் போர்த்திக்கொண்டு, கேட்டால் சிரித்து மழுப்புகிறவர்கள் அவர்கள். ‘மயாமி வைஸ்’ தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகன் ஓட்டிய ஃபெராரி டேடோனாவே கார்வெட்டின் மேல் செய்த போலிதான். ஃபெராரி வழக்குப் போட்டது. கடைசியில் அசல் டெஸ்டரோசாவைக் கொடுத்தது. போலியைக் கதைக்குள்ளேயே தகர்த்தார்கள். “சரியான தண்டனை” என்பார், தன் நகலின் மூக்கைத் துடைத்துக்கொண்டே.

எல்லாம் முடிந்து ஒரு கோடையில் (அடுத்த கோடையில் அல்ல, அதற்கும் அடுத்ததில்) கார் தனி வாகன அனுமதிச் சோதனைக்குப் போகிறது. 2009 முதல் இருக்கிற இந்தச் சோதனையில் அதிகாரி இன்ஜினை ரசிக்க மாட்டார். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்து ஒன்றைக் காரின் வெளிப்புறத்தில் உருட்டுவார். அது தொடுகிற விளிம்பு எதுவும் 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் மழுங்கியிருக்க வேண்டும். நடந்து போகிறவர் மேல் இடித்தாலும் கிழிக்கக் கூடாதாம். கோப்ராவின் அழகே சக்கரத்தின் நடுவில் காது நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் திருகுகளில்தான் இருக்கிறது. அவை கூடாது. பார்த்துப் பார்த்து வைத்த ஸ்விட்சுகளும் கூடாது. ஆகவே சோதனைக்கு முந்தின ராத்திரி, காரின் ஓரம் முழுக்க ரப்பர்ப் பட்டை, நட்டுக்கெல்லாம் பிளாஸ்டிக் தொப்பி. குழந்தை தவழ ஆரம்பித்த வீடு மாதிரி ஆகிவிடும் கார். ஸ்டியரிங்கைத் திருப்பி விட்டால் தானாக நேருக்கு வருகிறதா என்றும் பார்ப்பார்கள். முதல் தடவை வராது. திரும்பப் போக வேண்டும். பாஸான மறுநாளே ரப்பரும் தொப்பியும் ஷூ பெட்டிக்குள் போய்விடும், அடுத்து கட்டுகிறவருக்குச் சும்மா கொடுப்பதற்காக.

பதிவு செய்யும் கட்டத்தில்தான் மனிதர் வசமாக மாட்டுகிறார். வேல்ஸில் ஸ்வான்சீயிலுள்ள வாகனப் பதிவு அலுவலகத்துக்கு, எந்தப் பாகம் எங்கே வாங்கியது என்று ரசீதுகளோடு காட்ட வேண்டும். காட்ட முடியாமல் வண்டியின் பூர்வீகம் சந்தேகத்துக்கு இடமானால் ‘க்யூ’வில் தொடங்கும் நம்பர் கொடுத்துவிடுவார்கள். அப்பன் பெயர் தெரியாத கார் என்று ஊருக்குச் சொல்லும் பலகை அது. அந்த அவமானத்துக்கு இவர் உடன்பட மாட்டார். ஆகவே சும்மா கொடுத்த அத்தனை பேரும் போட்ட பில்லும் தேதி வாரியாக ஒரு கோப்பில் இருக்கிறது. கராஜில் கிரீஸ் டப்பாவுக்குப் பின்னால். அதன் கடைசிப் பக்கத்துக் கூட்டுத்தொகையை பிரிட்டிஷ் அரசாங்கம் பார்த்துவிட்டது. வீட்டில் இருப்பவர் இன்னும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருப்பது அவருக்கு அடிக்கடி மறந்துபோகும்.

இங்கிலாந்துப் பக்கம் போனால், ஏதாவதொரு பெட்ரோல் பங்கில் அவரை நீங்கள் பார்க்கக்கூடும். மழை தூறும், கூரையை மாட்டி முடிப்பதற்குள் தூறல் நின்றுவிடும் என்பதால் நனைந்துகொண்டே நிற்பார். பக்கத்து சீட்டில் மனைவி, தலையில் ஸ்கார்ஃபோடு. தாராளமாகப் போய்ப் பேசுங்கள். அசலா என்று கேளுங்கள், இன்ஜின் என்ன என்று கேளுங்கள், எத்தனை வருஷம் ஆயிற்று என்றுகூடக் கேளுங்கள். எவ்வளவு ஆயிற்று என்று மட்டும் அவர் மனைவி காதுபடக் கேட்டுவைக்காதீர்கள். உட்கார்ந்து பாருங்கள் என்று கட்டாயம் உபசரிப்பார், உட்காருங்கள். அரைக்கால் சட்டையோடு மட்டும் போக வேண்டாம். அந்தக் காரின் புகைக்குழாய் கதவுக்குக் கீழே பக்கவாட்டில் ஓடுகிறது. இறங்கும்போது கெண்டைக்காலில் அது வைக்கும் சூட்டுக்கு கோப்ராக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் பாம்புக்கடி.